காகம் எப்போது பறக்கிறது?

ஜீனோவையும் நாகார்ஜுனரையும் ஒரே திண்ணையில் உட்காரவைத்துப் பேசுவது நம் வட்டாரத்தில் வெகுநாளைய வழக்கம். சலனம் என்று ஒன்று இல்லை என்று கிரேக்கத்தில் ஒருவர் சொன்னார், இங்கேயும் ஒருவர் சொன்னார், ஆகவே இருவரும் சொன்னது ஒன்றுதான் என்று முடித்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுகிறோம். இந்த ஒப்பீட்டில் நமக்கு இரட்டை லாபம். மேற்கைப் படித்திருக்கிறோம் என்று காட்டிக்கொள்ளலாம். அதில் புதிதாக ஏதுமில்லை, நம்மவர் முன்பே சொன்னதுதான் என்று அலட்சியமும் பண்ணலாம். நானும் பல வருஷங்கள் இதைச் செய்துகொண்டிருந்தவன்தான். நெய்வேலியில் ஒரு மனிதர் போகிறபோக்கில் சொன்ன ஒரு வாக்கியம் இந்த ஒப்பீட்டை எனக்குக் கெடுத்துவிட்டது. அந்த வாக்கியத்துக்குக் கடைசியில் வருகிறேன். அது ஏன் என்னைத் தொந்தரவு செய்தது என்று விளங்க வேண்டுமானால், சலனத்தை மறுத்தவர்கள் ஒவ்வொருவரும் எதைக் காப்பாற்றுவதற்காக மறுத்தார்கள் என்று முதலில் பார்த்தாக வேண்டும்.

ஜீனோ கி.மு. 5ஆம் நூற்றாண்டில் தென்னித்தாலியின் எலேயா ஊர்க்காரர். அவர் எழுதிய புத்தகம் நமக்குக் கிடைக்கவில்லை. சலனத்துக்கு எதிரான அவருடைய வாதங்கள் நான்கை அரிஸ்டாட்டில் தம் பௌதிக நூலின் ஆறாம் புத்தகத்தில், மறுப்பதற்காக, எடுத்துச் சொல்கிறார். தெருக்கோடிக்குப் போக வேண்டியவன் முதலில் பாதி தூரம் போக வேண்டும். அதற்கு முன் கால்வாசி. அதற்கு முன் அரைக்கால். இப்படிப் பாதிகள் முடிவில்லாமல் கிடக்கின்றன என்பதால் அவன் கிளம்பவே முடியாது. ஆமை முன்னால் கிளம்பிவிட்டால் அக்கிலீஸால் அதை எட்ட முடியாது. எய்த அம்பு ஒவ்வொரு கணத்திலும் தன் நீளத்துக்குச் சமமான இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது. அப்படி அடைத்துக்கொண்டிருப்பது நிற்பது. ஆகவே பறக்கும் அம்பு நிற்கிறது. எதிரெதிராக ஓடும் வரிசைகளைப் பற்றியது நான்காவது.

இவற்றை வைத்துக்கொண்டு ஜீனோ என்ன செய்தார் என்பதைப் பிளேட்டோ சொல்கிறார். ஜீனோவின் ஆசிரியர் பார்மெனிடிஸ், உள்ளது ஒன்றே, அது தோன்றுவதுமில்லை அழிவதுமில்லை அசைவதுமில்லை என்றவர். ஊர் சிரித்தது. சிரித்தவர்களைப் பார்த்து, 'எங்கள் ஆசிரியர் சொல்வது அபத்தமென்றால் பலவும் உண்டு, அவை அசைகின்றன என்று நீங்கள் சொல்வது அதைவிடப் பெரிய அபத்தம்' என்று காட்டுவதற்காக எழுதப்பட்டது அந்தப் புத்தகம். ஜீனோவின் பின்னால் ஒரு மலை இருக்கிறது. அசையாத அந்த ஒன்றைக் காக்கவே அவர் அம்பை நிறுத்தினார். பிற்காலத்தில் டயோஜனீஸ் பதில் ஏதும் பேசாமல் எழுந்து நடந்து காட்டினார் என்ற கதை பிரசித்தம். பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கணிதம் பாதி, கால், அரைக்கால் என்று முடிவின்றிப் போகும் தொடரின் கூட்டுத்தொகை ஒன்றுதான் என்று ஒழுங்காகக் காட்டியது. இரண்டுமே ஜீனோவை வழிமறித்தன. நாகார்ஜுனரை இரண்டும் தொடவில்லை என்பதுதான் நாம் கவனிக்கத் தவறியது.

நாகார்ஜுனருக்கு முடிவின்மை தேவையில்லை. அவருடைய மூலமத்தியமக காரிகையின் இரண்டாம் பிரகரணம் சலனம் பற்றியது, 25 காரிகைகள். போய் முடிந்த வழியில் இப்போது யாரும் போகவில்லை. இன்னும் போகாத வழியிலும் யாரும் போகவில்லை. இவை இரண்டையும் கழித்துவிட்டால் 'போய்க்கொண்டிருக்கிற வழி' என்று மிச்சம் எதுவும் இல்லை. ஏழாம் நூற்றாண்டில் இதற்கு உரை எழுதிய சந்திரகீர்த்தி, எதிராளி தன் காலைக் காட்டி 'இதோ, பாதம் இருக்கும் இடம் போய்க்கொண்டிருக்கிற வழி' என்று சொல்லக்கூடும் என்று எதிர்பார்த்து, பாதத்தையும் அணுக்களாகப் பிரிக்கிறார். விரல் நுனி அணுவுக்குப் பின்னால் இருப்பது போன வழி, முன்னால் இருப்பது போகாத வழி. இதுவரைக்கும் ஜீனோவின் நெடி அடிக்கிறது, வாஸ்தவம்.

ஆனால் நாகார்ஜுனர் அங்கே நிற்பதில்லை. அடுத்து வருவதுதான் அவருக்கே உரியது. 'போகிறவன் போகிறான்' என்கிறோமே, அவன் போகிறவன் ஆனது எதனால்? போவதால். அப்படியானால் அவனைப் போகிறவனாக்கிய போக்கு ஒன்று, அதற்குமேல் அவன் போகிற போக்கு ஒன்று என்று இரண்டு போக்குகள் வந்துவிடுகின்றன. போக்கு இரண்டென்றால் போகிறவரும் இரண்டு பேர். சரி, போகாதவன் போகிறானா? அதுவும் இல்லை. போகிறவனும் அல்லாமல் போகாதவனும் அல்லாமல் மூன்றாமவன் யார்? இது தூரத்தைப் பற்றிய கணக்கில்லை. எழுவாய் முதலில் தனியாக நின்றுகொண்டிருக்கிறது, பிறகு பயனிலை வந்து அதில் ஒட்டிக்கொள்கிறது என்று நாம் மனசுக்குள் வைத்திருக்கும் நம்பிக்கையை உடைக்கிற வேலை. இன்னொன்று: போகிறவனை மறுத்த கையோடு நிற்கிறவனையும் அதே பிரகரணத்தில் அதே கத்தியால் அறுக்கிறார். போகிறவன் நிற்கவில்லை, போகாதவனும் நிற்கவில்லை. பார்மெனிடிஸின் மலைக்கும் அங்கே இடமில்லை. ஜீனோ எதைக் காப்பாற்ற வாதம் செய்தாரோ அது நாகார்ஜுனரிடம் முதலிலேயே அடிபட்டுப் போகிறது. இருவரையும் ஒன்றென்று சொல்வது, வீட்டைக் காக்கத் துப்பாக்கி எடுத்தவனையும் வீடே வேண்டாம் என்று வெளியேறியவனையும், இருவர் கையிலும் கழி இருந்தது என்பதற்காக ஒன்றாக்குவது போன்றது.

அப்படியானால் ஜீனோவுக்கு இந்தப் பக்கத்தில் ஜோடியே இல்லையா? உண்டு. நாகார்ஜுனருக்கு ஏறத்தாழ முன்னூறு வருஷங்களுக்கு முன்னாலேயே உண்டு, அதுவும் ஒரு இலக்கண நூலில். பாணினி நிகழ்காலத்துக்கு விதி சொல்லும் இடத்தில் பதஞ்சலியின் மகாபாஷ்யம் நின்று, நிகழ்காலம் என்று ஒன்று உண்டா என்று கேட்கிறது. இல்லை என்கிற கட்சியின் சுலோகங்கள் சில அங்கே எடுத்துக்காட்டப்படுகின்றன. சக்கரம் சுழல்வதில்லை, அம்பு எய்யப்படுவதில்லை, ஆறுகள் கடலுக்கு ஓடுவதில்லை, உலகம் மலைச்சிகரம் போல் அசையாமல் நிற்கிறது என்கிறது அந்தக் கட்சி. இன்னொரு சுலோகத்தில் கெட்டிக்காரனென்று பெயர் வாங்கிய ஓர் இளைஞன் காகத்தை மறித்துக் குறுக்கு விசாரணை செய்கிறான்: நீ வருங்காலத்தில் பறக்கவில்லை, கடந்த காலத்திலும் பறக்கவில்லை, இந்தக் கணத்தில் பறக்கிறாய் என்றால் உலகம் முழுதுமே பறக்கிறதென்று சொல்ல வேண்டியிருக்குமே. காகம் என்ன பதில் சொன்னது என்று பதஞ்சலி எழுதவில்லை. பறந்து போயிருக்கும் என்று நினைக்கிறேன். டயோஜனீஸின் பதிலும் அதுதானே.

இலக்கணக்காரர்கள் மத்தியில் இந்தப் பிரச்னை எழுந்தது தற்செயல் என்று எனக்குப் படவில்லை. தமிழையே பாருங்கள். காலம் மூன்று என்று தொல்காப்பியம் சொல்கிறது. ஆனால் நாம் இன்று 'போகிறான்' என்பதில் வைக்கிற 'கிறு'வும், அதன் மூத்த உருவமான 'கின்று'வும் சங்கப் பாடல்களில் தேடித்தான் பார்க்க வேண்டும். பக்திப் பாடல்களில் அது பெருகுகிறது. பிறகு நன்னூல் அதை இடைநிலையாக வரிசையில் சேர்த்துக்கொள்கிறது. பழைய வினைமுற்றில் முடிந்தது ஒன்று, முடியாதது ஒன்று. 'செய்யும்' என்பது இன்றைக்கும் நாளைக்கும் சேர்த்தே பேசியது. போன வழி, போகாத வழி. இரண்டுக்கும் நடுவில் ஒரு தனி உருவைச் செருகிக்கொள்ள நமக்குச் சில நூற்றாண்டுகள் ஆகியிருக்கின்றன. அந்த உருவை வைத்துக்கொண்ட பிறகு, அதற்கு ஈடாக வெளியே ஒரு பொருளும் உண்டு என்று நம்பத் தொடங்குகிறோம். நாகார்ஜுனர் கைவைப்பது அந்த நம்பிக்கையில்தான்.

அசையாத உலகம் என்ற கட்சி பதஞ்சலியோடு செத்துவிடவில்லை. அது தமிழில் இருக்கிறது. நீலகேசியை நம்மில் எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்? குண்டலகேசி என்ற பௌத்தக் காப்பியத்துக்குப் பதிலாக எழுந்த சமண நூல் அது. பதில் முழுசாக இருக்கிறது. கேள்வியில் சில பாடல்களே மிச்சம். 1936இல் அ. சக்கரவர்த்தி நயினார், வாமன முனிவரின் சமய திவாகரம் என்ற உரையோடு அதைப் பதிப்பித்தார். பேயாக இருந்து சமணப் பெண்ணாக மாறிய நீலகேசி ஊர் ஊராகப் போய், ஒவ்வொரு சமயத்தாரையும் வாதுக்கு இழுக்கிறாள். ஆசீவக வாதச் சருக்கத்தில் அவள் பூரணன் என்பவனைச் சந்திக்கிறாள். மண், நீர், தீ, காற்று, உயிர் என்று ஐந்து வகை அணுக்கள். அவை பிளவுபடா, புதிதாகத் தோன்றா. இவை மணிமேகலையின் ஆசீவகனும் சொல்வதுதான். அதற்குமேல் பூரணனிடம் ஒரு கோட்பாடு இருக்கிறது: அவிசலித நித்தியத்துவம், அதாவது அசையாத நிலைபேறு. இனி வரப்போவதும் இப்போதே இருக்கிறது. போனதும் எங்கும் போய்விடவில்லை. மாற்றமென்று நாம் காண்பது காண்கிற முறையில் வந்தது. ஆசீவகர்களைப் பற்றி 1951இல் நூல் எழுதிய ஏ.எல். பாஷம் இந்த இடத்துக்கு வந்ததும் பார்மெனிடிஸை நினைத்துக்கொண்டார். சரியான நினைவு. ஜீனோவின் பக்கத்தில் உட்கார வேண்டியவன் பூரணன்தான். இந்த ஆள் தமிழில் பேசுகிறான் என்பதையோ, ஆசீவகர்கள் மேல் 'ஆசுவக் கடமை' என்ற வரி விதித்த கல்வெட்டுகள் சோழர் காலம்வரை இந்த மண்ணில் கிடக்கின்றன என்பதையோ பாராமல், நாம் நாகார்ஜுனரைப் பிடித்து இழுத்து எலேயாவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தோம்.

பௌத்தர்களிலேயே சலனத்தை வேறொரு வழியில் மறுத்தவர்களும் உண்டு. வசுபந்துவின் அபிதர்மகோசத்தில் இந்த விவாதம் எங்கே வருகிறது என்பதுதான் சுவாரஸ்யம். காலம் பற்றியோ வெளி பற்றியோ அல்லாமல் கர்மம் பற்றிய நான்காம் அத்தியாயத்தில் வருகிறது. உடலால் செய்யும் கர்மம் என்பது உடலின் அசைவா? கையை ஓங்கினேன் என்றால் அந்த ஓங்கல்தான் கர்மமா? இல்லை என்கிறார் வசுபந்து. காரணங்களால் உண்டானது எதுவும் கணத்துக்கு மேல் இருப்பதில்லை. எங்கே தோன்றியதோ அங்கேயே அழிகிறது. இன்னொரு இடத்துக்குப் போய்ச் சேர அதற்கு அவகாசம் இல்லை. பக்கத்தில் பக்கத்தில் அடுத்தடுத்துத் தோன்றுவதை நாம் நகர்வு என்கிறோம். புல்வெளியில் தீ 'போகிற' மாதிரி. அம்பு ஒவ்வொரு கணத்திலும் நிற்கிறது என்றால் ஜீனோ. ஒவ்வொரு கணத்திலும் அது வேறு அம்பு என்றால் வசுபந்து. பூரணன் எல்லாம் தங்கிவிட்டதால் அசைவில்லை என்கிறான். வசுபந்து எதுவும் தங்காததால் அசைவில்லை என்கிறார். மறுப்பு ஒன்று; உலகங்கள் நேரெதிர்.

இந்தக் கணவாதம் தமிழில் தத்துவமாக மட்டும் வரவில்லை, துக்கமாகவும் வந்திருக்கிறது. குண்டலகேசியில் மிஞ்சிய பாடல்களில் ஒன்று, குழந்தையாக இருந்த நாம் செத்தாயிற்று, இளமையும் செத்தாயிற்று, நித்தமும் செத்துக்கொண்டிருக்கிற நமக்காக அழாமல் பிணத்துக்கு அழுகிறோமே என்ற பொருளில் ஓடுகிறது. கணவாதத்தை இதைவிட மனசில் இறக்கிய கவிதை எந்த மொழியிலும் அதிகம் இருக்காது. ஆனால் நீலகேசி கேட்கிற ஜாதிக் கேள்வி ஒன்று இங்கே எழத்தான் செய்கிறது: செய்தவன் அந்தக் கணத்திலேயே போய்விட்டான் என்றால் பலனை யார் தலையில் கட்டுவது? ஆசீவகனிடமும் அவளுக்கு இதே கோபம்தான், வேறு திசையிலிருந்து. எல்லாம் முன்பே அமைந்து கிடக்கிறதென்றால் முயற்சி எதற்கு? கொன்றவனும் கொல்லாதவனும் ஒன்றுதானா? தங்கவும் வேண்டும், மாறவும் வேண்டும் என்பது சமணர் கட்சி. தோற்றமும் கேடும் நிலைபேறும் ஒரே பொருளில் சேர்ந்திருக்கும். அதோடு சலனத்துக்கென்றே ஒரு தனித் திரவியத்தையும் வைத்துக்கொண்டார்கள். மணிமேகலையின் நிகண்டவாதி தன்மாத்திகாயம் என்று சொல்வது அதுதான்: மீனுக்குத் தண்ணீர் மாதிரி, தானாகத் தள்ளாது, ஆனால் அது இல்லாமல் யாரும் நகர முடியாது. நிற்பதற்கும் அதே மாதிரி இன்னொன்று, அதன்மாத்திகாயம். எனக்கு இந்த ஏற்பாடு தர்க்கமாகத் திருப்தி தரவில்லை. ஆனால் சலனம் என்ற கேள்வி தமிழில் கடைசிவரை 'யார் பொறுப்பு' என்ற கேள்வியாகவே இருந்தது என்பதைக் காட்டுகிறது. எலேயாவில் அது 'எது உண்மை' என்பதோடு நின்றது.

இப்போது நெய்வேலி. சுரங்கத்தின் விளிம்பில் நின்று கீழே பார்த்தவர்களுக்குத் தெரியும், அது நாம் நினைக்கிற மாதிரி ஒரு இடத்தில் தோண்டிய குழி அல்ல. முன்பக்கம் சக்கர யந்திரம் மேல்மண்ணை வெட்டிக்கொண்டே போகும். அந்த மண் கன்வேயர் பெல்ட்டில் ஏறிச் சுற்றிவந்து, நிலக்கரி எடுத்து முடிந்த பின்பக்கத்தில் கொட்டப்படும். முன்னே வெட்டவும் பின்னே மூடவுமாகக் குழி நகர்ந்துகொண்டிருக்கிறது. 1957இல் நேரு தொடங்கிவைத்து, 1961இல் முதல் பழுப்பு நிலக்கரி கண்ணில் பட்ட இடத்தில் இருந்த குழி இப்போது அங்கே இல்லை. நகர்வது எது? மண் பின்னால் போகிறது. குழி முன்னால் போகிறது. குழி என்பது மண் இல்லாமை. இல்லாத ஒன்று வருஷா வருஷம் நடந்து போகிறது. பெல்ட்டைப் பார்த்தால், அதில் கட்டிகள் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு அசையாமல் படுத்திருக்கின்றன. பெல்ட்டோ எங்கும் போகாமல் தன்னையே சுற்றிக்கொண்டிருக்கிறது. இருந்தும் கரி போய்ச் சேர்ந்துவிடுகிறது. ஜீனோவின் நான்காவது வாதத்தை எனக்குப் புரியவைத்தது அரிஸ்டாட்டில் அல்ல, இந்த பெல்ட்.

ஒரு நாள் சாயங்காலம் விளிம்பில் என் பக்கத்தில் ஒரு பெரியவர் நின்றுகொண்டிருந்தார். கைலியும் துண்டும். எதையோ அடையாளம் பார்க்கிற மாதிரி கண்ணை இடுக்கிக்கொண்டு நின்றார். சுரங்கத்துக்கு நிலம் எடுக்கப்பட்ட ஊர் ஒன்றைச் சேர்ந்தவர் என்று பேச்சில் தெரிந்தது. "எப்பங்க ஊரை விட்டுப் போனீங்க?" என்று கேட்டேன். சாதாரணமாகக் கேட்கிற கேள்வி. அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "நாங்க எங்கயும் போவல சார். ஊருதான் போயிடுச்சி" என்றார். பிறகு குழியின் மேல் வெட்டவெளியில் ஒரு இடத்தைக் கையால் காட்டி, "அங்கதான் அய்யனார் கோயிலு" என்றார். அவர் காட்டிய இடத்தில் காற்றைத் தவிர எதுவும் இல்லை. அவர் காட்டிய உயரத்துக்குக் கீழே வெகு ஆழத்தில் யந்திரம் வெட்டிக்கொண்டிருந்தது.

அன்று ராத்திரி நாகார்ஜுனரின் இரண்டாம் பிரகரணத்தைத் திரும்ப எடுத்தபோது அது எனக்கு வேறு புத்தகமாகத் தெரிந்தது. நான் கேட்ட கேள்வியில் ஒரு 'போகிறவர்' முன்கூட்டியே நின்றுகொண்டிருந்தார்; ஊர் என்பது அவர் விட்டுவந்த அசையாத வழி. வாக்கியம் அப்படித்தான் அமைந்திருக்கிறது. அரசாங்கக் காகிதங்களும் அப்படித்தான் எழுதுகின்றன: இடம்பெயர்ந்தோர் என்று. அந்த ஒரு சொல்லில் பெயர்ந்தது மனிதர்கள், இடம் அங்கேயே இருக்கிறது என்று தீர்மானமாகிவிடுகிறது. பெரியவர் எழுவாயை மாற்றிப் போட்டதும் என் கேள்வி நிற்க இடமில்லாமல் போயிற்று. ஊர் இல்லாமல் ஊர்க்காரன் இல்லை. ஊர்க்காரன் இல்லாமல் ஊர் இல்லை. ஒன்றை ஊன்றி நிறுத்திவிட்டு மற்றது போயிற்று என்று சொல்ல முடியாது. நாகார்ஜுனர் சொல்கிற சூனியம் இதுதானென்றால், அது ஒன்றுமே இல்லை என்ற அர்த்தத்தில் இல்லை. எதுவும் தனியாக இல்லை என்ற அர்த்தத்தில் இருக்கிறது. சூனியம் பொருந்துகிறவனுக்கே எல்லாம் பொருந்தும் என்று அவர் 24ஆம் பிரகரணத்தில் வாதிப்பது இதனால்தான். போவது அங்கே ஒழிக்கப்படவில்லை. போகிறவன், போகிற வழி, போக்கு மூன்றும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருக்கின்றன என்பதால்தான் போவது சாத்தியமாகிறது.

பூரணனுக்கு இந்தப் பெரியவரிடம் சொல்ல ஒரு ஆறுதல் உண்டு: அய்யனார் கோயில் எங்கும் போகவில்லை, அங்கேயேதான் இருக்கிறது, உம் கண்ணுக்குத்தான் தெரியவில்லை. வசுபந்துவுக்கும் ஒரு ஆறுதல் உண்டு: அது நேற்றே போயிற்று, நீரும் நேற்றே போனீர். இரண்டிலும் இழந்தவர் என்று ஒருவர் மிஞ்சுவதில்லை. நடப்பது நடந்தே தீரும், வளர்ச்சி வந்தே தீரும் என்று இன்று நாம் எல்லாக் கட்சிகளிலும் கேட்கிற பேச்சு பூரணனின் நியதியை நவீன வேஷத்தில் திரும்பச் சொல்வது என்பதும் கவனிக்கத்தக்கது. நீலகேசி இருந்திருந்தால் அதோடு வாதுக்குப் போயிருப்பாள். அவளுடைய பதில் எனக்குப் போதவில்லை என்றேன். அவளுடைய கேள்வியை விட்டுவிடவும் எனக்கு மனசில்லை. நாகார்ஜுனரைப் படிப்பவன் அந்தக் கேள்வியோடு படிக்க வேண்டும் என்று தோன்றுகிறது. இல்லாவிட்டால் சூனியம் வெறும் கெட்டிக்காரத்தனமாகி, காகத்தை மறித்த அந்த இளைஞன் நிலைக்கு நாம் வந்துவிடுவோம்.

பெரியவர் வெகுநேரம் நின்றார். இருட்டியதும் கீழே யந்திரங்களின் விளக்குகள் எரிந்தன. "வரேன் சார்" என்றார். போகும்போது நாம் 'வரேன்' என்றுதான் சொல்கிறோம்.